படகு ஓடாத தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு வேலை போன நாளிலிருந்து எங்கள் கேளம்பாக்கம் ஃப்ளாட்டின் தண்ணீர் இலாகா அவர் கைக்கு வந்தது. போர் தண்ணீர் உப்பு, மற்றதெல்லாம் காசு. ஆகவே ஒரு சொட்டுகூட வீணாகக் கொட்டக் கூடாது என்று சட்டம் போட்டார். நான் குளிக்கும்போது இரண்டு மக் கூடுதலாக ஊற்றினால் வெளியிலிருந்து கனைப்புச் சத்தம் வரும். வேலை தேடுகிற மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பயந்துபோய் அவர் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். ரிப்போர்ட் கார்டில்கூட என் கையெழுத்துதான். அது அவருக்கு உறைத்தது. சொல்ல மாட்டார்.

சோப்புப் படகு ஓட்டி வீடியோ அனுப்பும்படி பள்ளியில் சொன்ன அன்று, என் கையெல்லாம் இட்லி மாவு. வேறு வழியில்லாமல் அவரிடம் போனாள். மனுஷனுக்கு முகமே மலர்ந்துவிட்டது. இது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று எனக்குத்தான் கவலை.

பற்பசை டப்பாவின் அட்டையில் படகு வெட்டினார். விருந்துக்கு எடுக்கும் பெரிய சகன் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, பின்பக்கம் பாத்திரம் துலக்கும் சோப்பை ஒரு சொட்டு விட்டார். படகு விருட்டென்று போய் எதிர் ஓரத்தில் முட்டியது. மூவரும் வாய் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் வீடியோ எடுக்கவில்லை.

மறுபடி வைத்தார். நகரவில்லை. சோப்பு போதவில்லை என்று இன்னும் விட்டார். அட்டை ஊறிவிட்டது என்று புதுப் படகு வெட்டினார். ஃபேனை நிறுத்தினார். எங்களுக்கு வியர்த்தது, தண்ணீரில் நுரை கட்டியது, படகு பார்க்கிங்கில் விட்ட வண்டியாக நின்றது.

"நான் கைய வெச்சா எதுவும் ஓட மாட்டேங்குது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் தட்டையே பார்த்தபடி சொன்னாள். "தண்ணிய மாத்துனா ஓடும், அத்தா. ஒருவாட்டி சோப்பு பரவிட்டா அப்புறம் ஓடாதுன்னு மிஸ் சொன்னாங்க."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீதானே கொட்டக் கூடாதுன்னு சொன்ன."

அவர் தட்டை சிங்கில் கவிழ்த்துக் கழுவினார். பிறகு, குடிக்க வாங்கி வைத்திருந்த கேனைச் சாய்த்துத் தட்டு நிறைய ஊற்றினார். படகு ஓடியது. வீடியோவும் எடுத்தாயிற்று. இன்னொரு தடவை என்று மகள் கேட்டாள். மறுபடி கொட்டி மறுபடி ஊற்றினார். கேன் காலியாகும்வரை ஓட்டினார்கள்.

ராத்திரிச் சோற்றைப் போர் தண்ணீரில்தான் வடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை, அப்படிக் கரித்தது. படகைப் பற்றியே பேசிக்கொண்டு சாப்பிட்ட இரண்டு பேருக்கும் அது தெரியவே இல்லை.