ஃபிரீசரில் வைத்த ஊசி

எனக்கு வாய் நீளம். வெள்ளானூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணி லாரிக்காரன் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பான். அப்படிப்பட்டவள் அந்த ஆயுத பூஜை அன்று பேச்சு வராமல் பிரிட்ஜ் முன்னால் நின்றேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஊசி மருந்து செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. பெல்ட்டில் வரும் அட்டைப்பெட்டிகளில் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவேன். அன்றைக்குக் கம்பெனியில் பூஜை போட்டுச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். பொரி பொட்டலத்தோடு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறை ஆள். அவருக்கு ஆயுத பூஜை தீபாவளிக்கு ஒரு படி மேல். மெஷினை நிறுத்த வேண்டும், கழுவ வேண்டும், பொட்டு வைக்க வேண்டும், பூஜை முடிகிறவரை அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பட்டறைச் சட்டம்தான் வீட்டுக்கும். பைக், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. பிரிட்ஜுக்கும் பெரிய பொட்டு. உள்ளே பளபளவென்று துடைத்திருந்தார். நடுத்தட்டில் ஊசிப் பெட்டி மட்டும் இல்லை.

அது எங்கள் பொண்ணோட ஊசி. நாலாவது படிக்கிறாள். இந்த வயசுப் பிள்ளைக்கு மூட்டு வாதமா என்று கேட்காத ஆளே கிடையாது. எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. காலையில் முட்டி மடங்காது, நீளாது. பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரியாஸ்பத்திரியில் இந்த ஊசியை ஆரம்பித்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்றாவது ஊசிக்கு அப்புறம் அவளே எழுந்து நடந்தாள். ஆறு மாசத்தில் கடைசித் தெரு வரைக்கும் சைக்கிள் விட்டாள். ஏதோ ஒரு சின்னப் பிராணியின் செல்லைத் தொட்டியில் வளர்த்து, அதிலிருந்து இந்த மருந்தை எடுக்கிறார்கள் என்று எங்கள் கம்பெனி டிரெய்னிங்கில் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். எந்தச் சாமி கண்டுபிடித்ததோ, நல்லா இருக்கட்டும் என்றேன்.

ஊசி எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். காலையில் பிரிட்ஜை நிறுத்தினபோது பெட்டி வெளியே இருந்ததாம். இரண்டு மணி நேரம் சூடாகிவிட்டதே என்று பயந்து, பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டதும் மேலே ஃபிரீசரில் வைத்தாராம். விட்ட குளிர்ச்சியை அது பிடித்துக்கொள்ளட்டும் என்று.

பெட்டியை எடுத்தேன். ஐஸ் தட்டோடு ஒட்டியிருந்தது. ஊசிக்குள் மருந்து கட்டி.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்புறம் வாய் திறந்தது. அவர் அம்மா, அப்பா, பட்டறை, பூஜை ஒன்றையும் விடவில்லை. அவர் ஊசியை வாங்கித் தட்டில் வைத்து, கரையும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போட வேண்டிய ஊசி. அஞ்சரைக்கு மருந்து முழுக்கக் கரைந்துவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

“தண்ணி மாதிரி கீது பாரு. இதுக்கு இன்னா ஆயிருக்கும்?”

திரிந்த பால் என்றால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. உறைந்தால் உள்ளே மருந்தோட வடிவமே கலைந்துபோகும், வெளியே பார்த்தால் நல்லபடியாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பொய் சொல்லக் கூடாது, பஞ்சை நனைத்தேன். ஊசி மூடியைக்கூடக் கழற்றினேன். போடாவிட்டால் அந்த முட்டி பழையபடி பூட்டிக்கொள்ளுமே என்கிற பயம். பொண்ணு வழக்கம்போலச் சட்டையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டேன். உறைந்த ஊசியைப் போடவே கூடாது என்றார். லீவு முடிந்து வந்து பார்க்கச் சொன்னார். லீவு முடிந்த அன்றைக்கு முதல் ஆளாக என் வீட்டுக்காரரே போய் வரிசையில் நின்றார். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாடியும் சொல்லி, கெட்ட ஊசியை ஒப்படைத்தார். அங்கே கையிருப்பு இல்லை. புதுசு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அன்று ராத்திரி சோறு போடும்போதும் குத்திக்காட்டினேன். பெட்டி மேல எழுதியிருக்கே, கண்ணு இல்லையா என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதுல இங்கிலீஷ்ல கீது. நீ ஒரு நாளாவது படிச்சு சொன்னியா?”

நான் சொன்னதே இல்லை. உறைய வைக்கக் கூடாது என்கிற அந்த எழுத்தை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பெட்டியில் சரிபார்க்கிறேன்! வீட்டில் மட்டும், உனக்கு ஒன்றும் தெரியாது, நீ தொடாதே என்று அதட்டியே ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஆறாம் நாள் பொண்ணுக்கு முட்டி வீங்க ஆரம்பித்தது. அவர் தினமும் காலையில் காப்பி கிளாஸோடு வந்து, வலிக்குதாம்மா என்று கேட்பார். இல்லப்பா என்பாள். பளிச்சென்று சிரிப்பாள். அவர் முகம் தெளிந்து பட்டறைக்குப் போவார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எங்களுக்கு முன்னாடியே எழுந்து, பல் விளக்கி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நடக்கிறாளே என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாள் விடியற்காலையில் எனக்கு முழிப்புத் தட்டியது. பொண்ணு பாயிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். முதலில் பிரிட்ஜைப் பிடித்தாள், அப்புறம் சுவரை. ஒரு காலை வைப்பாள், நிற்பாள். சத்தம் வராமல் என் துப்பட்டாவை வாயில் கடித்திருந்தாள். எட்டு அடி தூரத்துப் பாத்ரூமுக்கு அவ்வளவு நேரம். நான் பாய்ந்து போய்த் தூக்கினேன். என் காதில் சொன்னாள்.

“அப்பாகிட்ட சொல்லாதம்மா.”

அவளைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி வந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் மூச்சு இல்லை அது. தலையணை உறை நனைந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி விழித்துப் படுத்திருந்தாரோ, நான் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு எழுந்து, காப்பி கிளாஸோடு வந்து, வலிக்குதாம்மா என்று கேட்டார். இல்லப்பா என்றாள். கிளாஸை வைத்துவிட்டு, ஐஸ் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு புது ஊசி வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.