எண்பதும் எண்பத்தெட்டும்

தனலெட்சுமிக்கு வேகம் பிடிக்காது. இதை ஏதோ பெரிய ஒழுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், அவள் சுபாவமே அப்படி. சோற்றைக்கூட ஆற அமரத்தான் சாப்பிடுவாள். வாகன உரிமத் தேர்வில் மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறியபோது, "நீ போகிற வேகத்துக்குப் பின்னால் வருகிறவன் தூங்கிவிடுவான்" என்று மலாயில் சொல்லிவிட்டுத்தான் அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டாராம்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. பண்டார் தெங்காராவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்கூடாயில் இருக்கும் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் விடுவாள். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவாள். அந்த ரூட்தான் அவள் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒரு போலீஸ் சம்மன் வந்ததில்லை. வேனில் வருகிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் 'மாட்டு வண்டி' என்பார்கள். அவள் காதிலும் விழும். உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான், வேகமாக ஓட்டுகிறாள் என்று டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது.

அந்த மாதம் முதல் தேதியன்று கம்பெனி தன் ஒப்பந்த வேன்கள் எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் பெட்டி மாட்டியிருந்தது. வேன் எங்கே போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது நொடிக்கு நொடி ஆபீசுக்குச் சொல்லிவிடும். எண்பதைத் தாண்டினால் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும். முதல் புள்ளிக்குத் தனலெட்சுமி சிரித்தாள். வேறு யாருடைய வேனையோ மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது புள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது, ஒரு திங்கட்கிழமை காலை, பெண்களை இறக்கிவிட்டு ரொட்டிச் சனாயைப் பிய்த்து வாயில் வைக்கும்போது வந்தது. போன் செய்தவள் பிரவீனா. போக்குவரத்துப் பிரிவில், வேன்களின் வேகம் தெரியும் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண். இருபத்தாறு வயது இருக்கும்.

"ஆன்டி, எண்பத்தெட்டு காட்டுது."

"ஐயோ, நான் எண்பதத் தாண்டவே இல்லமா. முள்ளு எண்பதுலயே நிக்குது. என் கண்ணால பாத்துக்கிட்டுத்தானே ஓட்டுறேன்!"

"மெஷின் பொய் சொல்லாது ஆன்டி. சேட்டலைட்லா அது. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க. சரியான விளக்கம் குடுத்தா பாக்கலாம். இல்லன்னா ரூட் போயிரும்."

சேட்டலைட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம். அப்படியென்றால் பொய் சொல்வது யார்? தனலெட்சுமியா? அந்த ரொட்டியை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் சொன்னாள். அவள் கணவர் சதாசிவம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். முப்பது வருடமாகச் சக்கரத்தோடு வாழ்வதால், சக்கரம் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

"ஜிபிஎஸ் கோளாறு. வேற என்ன? சீனாக்காரன் சாமான்" என்றார். அதோடு அவர் வேலை முடிந்தது. சட்டியைத் திறந்து என்ன கறி என்று பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தினமும் வாசலில் வேனை எடுக்கும்போது மீட்டரில் பயணத் தூரத்தைப் பூஜ்யத்துக்குத் தள்ளுவது அவள் பழக்கம். தள்ளுவாளே தவிர, அதை அவள் திரும்பிப் பார்த்து வருடக்கணக்காகிறது. வீட்டிலிருந்து தொழிற்சாலைக் காவல் கூண்டு வரை அறுபத்திரண்டு கிலோமீட்டர். தெரிந்த கணக்கை யார் பார்ப்பார்கள்? அன்று மீட்டர் மேலேயே கண்ணாக இருந்ததால் பார்த்தாள். ஐம்பத்தாறு. தள்ள மறந்திருப்போம் என்று நினைத்தாள். புதன்கிழமை நன்றாகப் பார்த்துத் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். அன்றும் ஐம்பத்தாறுதான். அதே ரோடு, அதே பதினொரு வீட்டு வாசல். ரோடு என்ன, துவைத்த சட்டையா சுருங்குவதற்கு?

அப்போதுதான் அவள் வண்டியை விட்டு இறங்கி டயரைப் பார்த்தாள்.

நவம்பர் மழையில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் வேன் இரண்டு முறை புதைந்துவிட்டது. அவள் பொந்தியானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, சதாசிவம் தன் கூட்டாளியின் ஃபோர்வீல் ஜீப்பிலிருந்து கழற்றிய நான்கு டயர்களை வேனில் மாட்டிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், வேன் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நின்றது. படி உயரமாகிவிட்டதே என்று அன்று முணுமுணுத்தாள். அதன் பிறகு வண்டி சேற்றில் மாட்டாததால் அதையும் விட்டுவிட்டாள். வேனில் வரும் பெண்கள் வேறு, "அக்கா, இப்பத்தான் நீங்க ஒழுங்கா ஓட்டுறீங்க, வெள்ளனவே வந்துர்றோம்" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். பாராட்டு எங்கிருந்து வருகிறது என்று அவளும் யோசிக்கவில்லை.

அந்த நிமிடமே கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, டயரு பெருசுங்க. அதான் மீட்டரு தப்பாக் காட்டுது."

"அலமாக்! பழைய ரிம் பதினஞ்சு. இதுவும் பதினஞ்சு. அதே ரிம்முலதானே மாட்டியிருக்கேன்? டயர்னா டயர்தான். உனக்கு என்ன தெரியும்?"

"ரிம்மாங்க ரோட்டுல உருளுது?"

"நான் லாரி ஓட்டுறவன் தனா. என்கிட்ட வந்து டயரு பாடம் எடுக்காத."

தனலெட்சுமி போனை இருக்கையில் எறிந்தாள். எறிந்துவிட்டு, உடைந்ததா என்று எடுத்துப் பார்த்தாள். அந்த மனுஷனிடம் பேசுவதும் ஒன்று, காவல் கூண்டுச் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

அன்று வேலை முடிந்து போகும் வழியில், பெண்கள் வேனிலேயே உட்கார்ந்திருக்க, கூலாயில் யஹ்யா பாயின் பட்டறையில் நிறுத்தினாள். பாய் அவள் வேனுக்கு எண்ணெய் மாற்றுபவர். அதிகம் பேசமாட்டார். அளவு நாடாவை எடுத்துவந்து டயரின் உயரத்தை அளந்தார்.

"பழசு இருபத்தேழு இஞ்சு. இது முப்பதுக்குக் கொஞ்சம் கம்மி. மேட்டுல இழுக்குதா?"

"எங்க இழுக்குது? மூணாவது கியருக்கு எறக்க வேண்டியிருக்கு பாய்."

"அது இழுக்காது. பெரிய டயர் போட்டா கியர மாத்துன மாதிரிதான். மீட்டரு ரோட்டப் பாக்காதும்மா. கியர்பாக்ஸ்லேருந்து வர்ற ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணும், அவ்வளவுதான். ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்னு பழைய டயருக்குக் கணக்கு வெச்சிருக்கான். இப்ப ஒவ்வொரு சுத்துக்கும் பத்துல ஒரு பங்கு கூடப் போறீங்க. அது பாவம், அதுக்குத் தெரியாது."

"சரி பண்ண முடியாதா?"

"பின் அச்சுல வேற கியர் போட்டா மீட்டரும் சரியாகும், இழுவையும் சரியாகும். நாலு டயருக்காக யாராச்சும் அச்சப் பிரிப்பாங்களா? பழைய சைஸ் சனிக்கிழமை வரும், மாட்டித் தர்றேன்."

சதாசிவம் கழற்றிய பழைய டயர்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? அந்தக் கூட்டாளிக்கே பதிலுக்குக் கொடுத்துவிட்டார். மகாராஜன்.

பட்டறையில் சொன்னதைப் போய் ஆபீசில் சொன்னால் பிரவீனா நம்புவாளா? கையில் சான்று வேண்டும். வியாழக்கிழமை காலை நெடுஞ்சாலையில் ஏறியதும், முன் சீட்டில் உட்காரும் புஷ்பவள்ளியிடம் போனில் நேரம் பிடிக்கச் சொன்னாள். புஷ்பவள்ளி பேக்கிங் பகுதியில் வேலை செய்பவள். வாய் ஓயாதவள்.

"கிலோமீட்டர் பலகை வருது பாரு. நான் சொன்னதும் அமுக்கு. அஞ்சு பலகை தாண்டினதும் நிறுத்து."

"எதுக்குக்கா?"

"அமுக்கு முதல்ல!"

முள் எண்பதில் அசையாமல் நிற்க, தனலெட்சுமி மூச்சைக்கூட அளந்து விட்டாள். எண்பது என்றால் ஐந்து கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் நாற்பத்தைந்து நொடி ஆக வேண்டும். ராத்திரி கால்குலேட்டரில் போட்டு வைத்திருந்தாள். புஷ்பவள்ளி காட்டிய போனில் மூன்று நிமிடம் இருபத்தைந்து. திரும்பி வரும்போதும் பிடித்தார்கள். அதேதான். தனலெட்சுமிக்கு ஸ்டியரிங்கில் தாளம் போட வேண்டும் போல இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, நான் பொய் சொல்லவில்லை என்று வழியெல்லாம் மனம் சொல்லிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரவீனாவின் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினாள். பாய் எழுதித் தந்த அளவு, நேரம் பிடித்த படம், ஐம்பத்தாறு காட்டும் மீட்டரின் படம். பிரவீனா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப ஜிபிஎஸ் சரியாத்தான் காட்டியிருக்கு" என்றாள்.

"ஆமா..."

"நீங்க எண்பத்தெட்டுலதான் போயிருக்கீங்க."

தனலெட்சுமி தான் மேசையில் பரப்பியதைப் பார்த்தாள். ஒரு வாரமாகத் தேடித் தேடிச் சேர்த்த சான்றெல்லாம் அவளுக்கு எதிராகவே திரும்பி நின்றது. ஒரு மாதமாக அந்தப் பதினொரு பேரையும் வைத்துக்கொண்டு, மழை ரோட்டில், எண்பத்தெட்டில் பறந்திருக்கிறாள். அவளா? மாட்டு வண்டியா?

பிரவீனா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்டி, டயர் மாத்துனத எழுதாதீங்க. கேட்காம மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. பெட்டி மாட்டுன அன்னிக்கு டயர் செக் பண்ணதா நான்தான் டிக் போட்டிருக்கேன். உண்மையச் சொன்னா, குனிஞ்சு பாக்கவே இல்ல. எனக்கும் பிரச்சினை வரும். ஜிபிஎஸ் தப்புன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. அவங்க வந்து உங்க மீட்டருக்கு ஏத்த மாதிரி பெட்டிய அட்ஜஸ்ட் பண்ணிருவாங்க. மூணு புள்ளியும் போயிரும். ரூட் உங்களுக்குத்தான்."

தனலெட்சுமிக்குத் தலை கிறுகிறுத்தது. மெஷின் தப்பு, மெஷின் தப்பு என்று கத்தியபோது ஒருத்தரும் கேட்கவில்லை. மெஷின் சரிதான் என்று அவளே கண்டுபிடித்துக் கொண்டுவந்த பிறகு, தப்பு என்று எழுதச் சொல்கிறார்கள். இது என்ன ஆபீஸா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?

"மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"ஆன்டி, உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவள் தனக்காகவும் சொன்னாள், தனலெட்சுமிக்காகவும் சொன்னாள். இரண்டும் உண்மைதான். அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது. நன்றாகத் திட்டக்கூட முடியவில்லை.

"நாளைக்கு நான் டயர மாத்திருவேன். மாத்துன பிறகு உன் பெட்டி கம்மியாக் காட்டும். எனக்குப் பதிலா என்னிக்காச்சும் வேற எவனாச்சும் இந்த வேன ஓட்டுவான். அவன் தொண்ணூறுல போனாலும் உனக்குத் தெரியாது. உள்ள பதினோரு பேரு இருக்காங்கம்மா."

பிரவீனா தாளை அவள் பக்கம் தள்ளினாள். தனலெட்சுமி எழுதினாள். மலாயில், பெரிய எழுத்தில், தன் இயல்புப்படி மெதுவாக.

அன்று சாயங்காலம் முள்ளை எழுபத்திரண்டிலேயே நிறுத்தி ஓட்டினாள். "எழுபத்திரண்டுதானேக்கா, கொஞ்சம் அழுத்துங்கலா, இருட்டுது" என்றாள் புஷ்பவள்ளி. "வாய மூடிக்கிட்டு வா" என்றாள் தனலெட்சுமி. ஒவ்வொருத்தியாக அவரவர் வாசலில் இறங்கினார்கள். நாளை முதல் வேறு வேன் வரும் என்று அவர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சதாசிவம் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். பிரவீனா போன் போட்டு அவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாள். இந்தத் தடவை ரிம்மைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

"ரூட் போயிருச்சாமே?"

"ம்."

"அந்தப் புள்ள ஒரு வழி சொல்லுச்சாமே தனா. பேசாம ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டுட்டேங்க" என்றாள். "எண்பத்தெட்டுல ஓட்டினேன்னு."

சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.