அக்கா ஊரில் இல்லை

ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் தறிச் சத்தம் நின்றுவிடும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப்புற வழியாக ஓடுவார்கள். அவர் முரடர் ஒன்றும் இல்லை. வெளுத்துப்போன காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தோல் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி, வெயிலில் களைத்துப்போய் வருவார். கதவைத் தட்டுவதற்கு மணியக்காரர் கூட வருவார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. எங்களை வரிசையாக நிறுத்தி, இடது கையில் குத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். உடனே என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், பிள்ளை அறியாமல் செய்தது, பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று விழுந்து கும்பிட வைத்தாள். அம்மனுக்குச் சொந்தமான காரியத்தில் மனிதன் கை வைப்பது அவளைச் சீண்டுவது என்பது அம்மாவின் நம்பிக்கை. எங்கள் தெருவில் அநேகமாக எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அக்காவுக்குப் பதினான்கு வயது. அந்த வருஷந்தான் பெரியவளானாள். அதன்பிறகு வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. அப்பா பட்டு நெய்வார். அவருக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுப்பது அக்காவின் வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா படுத்துவிடுவார். அக்கா ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் அவள் எதிரில் உட்கார்ந்து துப்பறியும் நாவல் படித்துக் காட்டுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நாவல்களைக் கொடுத்தவர் மோட்டார் நிற்கும் இடத்தில் தையல்கடை வைத்திருந்தவர். மாதம் ஒன்று பட்டணத்திலிருந்து தபாலில் தருவிப்பார். படித்து முடித்ததும் எனக்குத் தருவார். பக்கத்தை மடிக்கக்கூடாது, எண்ணெய்க் கையால் தொடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஜமீன் பங்களா, காணாமற்போன வைரமாலை, ரயில் பெட்டியில் பிணம் என்று எல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாத சங்கதிகள். அக்கா ரயிலைக்கூடப் பார்த்தது கிடையாது. ஆனால் பாதிக் கதை நடக்கும்போதே கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவாள். நான் எரிச்சலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

“அந்தச் சமையக்காரனைப் பாரு. கேட்டது ஒண்ணு. அவன் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றான். ஒளிக்கிறவனுக்குத்தான் அத்தனை பேச்சு வேணும்.”

இதைச் சொல்லிவிட்டு ராட்டையைத் தொடர்ந்து சுற்றினாள். நூல் அறுந்தாலும் கதையை நிறுத்த விடமாட்டாள். “நீ படி சாமி, நான் பிணைச்சுக்கறேன்” என்பாள்.

கார்த்திகை மாதத்தில் அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வந்தார். பள்ளிக்கூடத்தில் குத்திக்கொண்ட பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு அந்த முறை. முதல் நாளே செய்தி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அக்கா என் கைத் தழும்பைத் தடவிப் பார்த்து ரொம்ப வலித்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அம்மாவிடம் போய், தானும் குத்திக்கொண்டால் என்ன என்று கேட்டாள். அம்மா அவள் வாயிலேயே ஒரு அறை வைத்தாள். அப்பா கோபப்படவில்லை. வயசுக்கு வந்த பெண்ணின் கையை எவனோ ஒருவன் பிடிப்பதாவது என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு அம்மன், அப்பாவுக்கு மானம். இருவருக்கும் காரணம் வேறு, முடிவு ஒன்று.

மறுநாள் காலையில் அப்பா அக்காவைத் தறிக்குழிக்குள் உட்காரச் சொன்னார். எங்கள் ஊர்த் தறியில் நெய்கிறவன் காலை உள்ளே விட்டு மிதிப்பதற்காகத் தரையில் குழி வெட்டியிருக்கும். அதில் ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். மேலே ஒரு ஜமக்காளத்தைப் போட்டு, அதன்மேல் நூல் கட்டுகளை அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கேட்டால் அக்கா ஊரில் இல்லை, வெண்ணந்தூரில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லவேண்டும் என்றார். தான் சொன்னால் மணியக்காரர் சந்தேகப்படுவார், சின்னப்பிள்ளை சொன்னால் நம்புவார் என்பது அவர் கணக்கு.

அவர்கள் வந்தார்கள். அம்மை குத்துகிறவர் என் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்து, நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார். பிறகு வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

“இல்லீங்க. அக்கா ஊர்ல இல்லீங்க. வெண்ணந்தூருக்கு மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க. மாமனுக்குக் காய்ச்சலுங்க. அக்காதான் சோறாக்கோணும். தை கழிஞ்சுதான் வருமுங்க.”

மணியக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். அம்மை குத்துகிறவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் ஒரு நிமிஷம் கூடுதலாக எங்கள் வீட்டில் நின்றிருக்கலாம். தறியருகில் போய்ப் பார்த்திருக்கலாம். எத்தனையோ தடவை அவர்மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பழி அவர்மேல் நிற்கவில்லை.

குழியிலிருந்து வெளியே வந்த அக்காவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. தலையெல்லாம் நூல் தூசி. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மாமனுக்குக் காய்ச்சல்னு யாரு உன்னைச் சொல்லச் சொன்னது? உன் கதையில வர்ற துப்பறியறவரா இருந்திருந்தா அங்கயே உன்னைப் புடிச்சிருப்பாரு.”

நானும் சிரித்தேன். அப்பா எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார்.

பங்குனியில் ஊரில் அம்மை கண்டது. முதலில் கீழத்தெரு, பிறகு சந்தைப்பேட்டை, பிறகு எங்கள் தெரு. அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் நெற்றியில் முத்து தெரிந்ததும் அம்மா பயப்படுவதற்குப் பதிலாக வாசலில் வேப்பிலை செருகி, வீட்டை மெழுகி, அக்காவையே கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மன் வந்திருக்கிறாள், நாம் சுத்தமாக இருந்தால் தானாக இறங்கிவிடுவாள் என்றாள். தறி நின்றது. தாளிப்பு இல்லை. யாரும் வரவில்லை. அக்காவை வாழையிலையில் படுக்க வைத்தார்கள்.

அவளருகில் என்னைப் போகவிட்டார்கள். அம்மை குத்திய பிள்ளைக்கு வராது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை உட்கார வைத்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. நான் வேப்பிலையால் விசிறினேன். இளநீர் கொடுத்தேன். அவள் படிக்கச் சொன்னாள். நோய் கண்ட வீட்டில் கொலைக் கதையா என்று அம்மா திட்டினாள். அம்மா கிணற்றடிக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் தணிந்த குரலில் படித்தேன். எட்டாம் நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் கண் எது என்று தெரியவில்லை. கேட்டாளோ இல்லையோ, நான் படித்தேன். குற்றவாளி யார் என்று சொல் அக்கா என்றேன். தண்ணீர் என்றாள்.

பதினோராம் நாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், போய்விட்டாள்.

நான் வாயைத் திறந்து அழப்போனேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கை முழுக்க மஞ்சள் வாசனை. “அழுகக்கூடாது சாமி. மாரியாத்தா கூட்டிட்டுப் போறா. அழுதா உன்னையும் கேப்பா” என்றாள். அம்மையில் போனவர்களுக்கு ஒப்பாரி கிடையாது. பறை கிடையாது. ஐந்தாறு பேர் வந்து பாயில் சுருட்டித் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அம்மா அன்று சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தெருவில் அதைப் பக்தி என்று சொன்னார்கள். என் வாயைப் பொத்திய அந்தக் கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவள் தொட்டதையெல்லாம் கொளுத்தினார்கள். பாவாடை, பாய், தலையணையோடு தையல்காரரின் நாவலும் போயிற்று. விஷயத்தைச் சொல்லப் போனேன். அவர் என்னைக் கடைப்படி ஏறவிடவில்லை. போனால் போகிறது, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே என்று தள்ளி நின்றே சொன்னார். அதோடு புத்தகம் தருவதையும் நிறுத்திவிட்டார்.

நோயின்போது அம்மா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள்: அம்மன் இறங்கினால் தீச்சட்டி எடுப்பதாக. அக்கா போய்விட்டாள், வேண்டுதலும் போயிற்று என்று நான் நினைத்தேன். ஆனால் அடுத்த வருஷத் திருவிழாவில் அம்மா மஞ்சள் சேலை கட்டி, கையில் நெருப்புச் சட்டியோடு நடந்தாள். கூடவே நான் வேப்பிலைக் கொத்துடன் நடக்கவேண்டும். வழியில் பெண்கள் அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தாளே அந்தத் தாய் என்று அம்மா என்னைக் காட்டிச் சொன்னாள். நான் சட்டை போடாமல் நடந்தேன். இடது கையில் தழும்பு எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வெறிபிடித்தவன்போல் துப்பறியும் நாவல்கள் படித்தேன். சேலத்தில் படிக்கப் போனபோது பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். கதை நன்றாயிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தக் கதைகளில் ஒருவர் செத்தால் கேள்வி கேட்க ஒரு ஆள் வருகிறான். எங்கே இருந்தாய், என்ன சொன்னாய், ஏன் சொன்னாய் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறான். கடவுள் சித்தம் என்று யாராவது சொன்னால் அவன் நோட்டை மூடிக்கொண்டு போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தக் கேள்வியும் என்னிடம்தான் வந்து நிற்கும் என்ற பயம்.

படிப்பு முடிந்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானேன். கல்யாணமாயிற்று. யுத்த காலத்தில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். குழந்தைக்கு ஆறு மாதமானதும் நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் அம்மை குத்த வைத்தேன். ஆச்சரியமாக அம்மாவும் கூட வந்தாள். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் அரைக்கவும் இல்லை. அம்மா மாறிவிட்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரு இளக்கம்கூட வந்தது.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி, குழந்தை கொஞ்சம்தான் அழுதது என்று சொன்னாள். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே பேசினாள்.

“இது இல்லாமத்தான் எம் பொண்ணைப் பறிகொடுத்தேன். இவன் அன்னைக்கு அந்த ஐயாகிட்ட உள்ளதைச் சொல்லியிருந்தா அவளுக்கும் குத்தியிருப்பாங்க. இந்நேரம் நாலு புள்ளைக்குத் தாயா இருந்திருப்பா. ஊர்ல இல்லைன்னு சொல்லிப்போட்டான்.”

கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதிலிருந்து இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. பின்னால் விசாரித்தேன். தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தெரியும்.

அப்பா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கையை உதறிவிட்டு அவரைப் பார்த்தேன்.

“அப்பா, நீங்களே சொல்லுங்க. என்னை யாருங்க அப்படிச் சொல்லச் சொன்னது?”

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். குடித்து முடித்தார்.

“சின்ன வயசுல நீ என்ன சொன்னியோ, அதை இப்ப யாரு நெனப்புல வெச்சிருக்கறா? எந்திரிச்சுக் கையைக் கழுவு” என்றார்.

பிறகு தறிக்குப் போய் உட்கார்ந்தார். அதே தறி. அதே குழி. காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்.

அம்மன் மீது குற்றமில்லை. அப்பா மீது குற்றமில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படும் என் மனைவி அன்றைக்கு என்னை ஒரு விதமாகப் பார்த்தாள். உண்மையில் என்ன நடந்தது என்று அவளிடம் முழுவதும் சொன்னேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பொய் சொன்ன வாய் என் வாய்தான். கேட்டதற்கு மேல் ஒரு காய்ச்சலையும் ஒரு தை மாதத்தையும் சேர்த்துச் சொன்னதும் நான்தான். கருப்பட்டியையும் தின்றேன்.

அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சேலத்துக்குக் குடிபோனேன். இரண்டு வருஷத்தில் அப்பா இறந்தார். கொள்ளி வைத்தேன். சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா எங்களோடு வந்துவிட்டாள். கண்பார்வை மங்கிவிட்டது. ஒருநாள் நான் நாவலும் கையுமாக இருப்பதை உணர்ந்து, தனக்கும் கொஞ்சம் படித்துக் காட்டச் சொன்னாள். கண் வலிக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி கேட்கவில்லை.

ஆடி மாதம் கோயிலுக்குப் போகவேண்டும் என்பாள். அழைத்துக்கொண்டு போவேன். நான் உள்ளே போவதில்லை. செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நிற்பேன். என் மனைவி அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போவாள். கூட்டத்தில் நசுங்கி, வியர்த்து, முகம் மலர்ந்து வெளியே வருவாள். யாருக்காக வேண்டிக்கொண்டீர்கள் என்று மனைவி ஒருமுறை கேட்டிருக்கிறாள். இவன் செய்த பாவம் பேத்தியைத் தொடக்கூடாது என்று வேண்டிக்கொண்டாளாம்.

மனைவி இதை என்னிடம் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அடுத்த ஆடியிலும் நான்தான் வண்டி பேசி அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.