அக்கா கை வைத்தால் இருளும் திரை

அவனுக்குப் பெற்றோர் என்ன பெயர் வைத்தார்கள் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. லேப்டாப் திரையில் கோடு விழுந்தால் அவனிடம் கொண்டுபோவார்கள். அதனால் அவன் கோடு. பச்சைக் கோடு, ஊதாக் கோடு, பாதித் திரையில் மட்டும் பனி பெய்வதுபோல் புள்ளிகள், எதுவானாலும் மூடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பான், கன்னத்தைத் தடவிக்கொள்வான், "கேபிள்" என்பான். பெரும்பாலும் கேபிள்தான். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே கீலுக்குள் நுழைந்து போகும் மெல்லிய நாடா அது. திறந்து மூடித் திறந்து மூடி நைந்துபோகும். "மனுஷங்களும் அப்படித்தான் சார்" என்று அவன் தத்துவத்தை ஆரம்பிப்பதற்குள் வந்தவர் பாதிப் படிக்கட்டு இறங்கியிருப்பார்.

அதற்கு முன்னால் அவன் டிவி பழுதுபார்த்தான். அந்தக் காலத்து டிவிக்கு அவனிடம் ஒரே வைத்தியம்தான், பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை. நன்றாகவே வேலை செய்தது. பிறகு டிவிகள் இளைத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டன; அறைவதற்குப் பக்கவாட்டே இல்லாமல் போயிற்று. கோடு லேப்டாப்புக்கு மாறினான். மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, 'டிஸ்ப்ளே டாக்டர்' என்று பலகை மாட்டினான். முதல் வாரம் வந்தவர்களில் பாதிப்பேர் வயிற்று வலிக்காரர்கள்.

மேசைக்கு மேலே இன்னொரு பலகையும் உண்டு. 'தொடாதீர்கள். இதுவரை தொட்டது போதும்.' ஒரு வாடிக்கையாளர் கோளாறு எப்படி வருகிறது என்று காட்டுவதாகச் சொல்லி, நல்ல திரையைக் கட்டைவிரலால் அழுத்தி, கண்ணெதிரே சிலந்திவலை போல் விரிசல் விட வைத்தார். அன்று பிறந்த சட்டம் அது. வாடிக்கையாளர் மேசைக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல் கைகட்டி உட்கார வேண்டும். வாயால் சொல்லலாம். கையால் காட்டக்கூடாது.

இந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியது அவனுடைய சொந்த அக்காதான்.

அக்கா இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். தனியாக இருப்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தொலைபேசி அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு, இரண்டு மொழி தெரிந்ததை வைத்து ஒரு வேலை பிடித்திருந்தாள். மருத்துவமனையில் டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி. நடுவில் அக்கா, தன் சமையலறை மேசையிலிருந்து, லேப்டாப் வழியாக. அந்த வேலைக்கு ஒரு கறாரான விதி உண்டு. யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும். நோயாளி "எனக்கு மூலம்" என்றால், "இவருக்கு மூலமாம்" என்று நழுவக்கூடாது. "எனக்கு மூலம்" என்றே சொல்ல வேண்டும். சேர்க்கக்கூடாது, விடக்கூடாது. முணுமுணுத்தால் முணுமுணுப்பையும் பெயர்க்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தின் சுவர்களோ அட்டை மாதிரி. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் கோடுவைப் படிக்கட்டில் மறித்தாள்.

"தம்பி, உங்க அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்களே. ஏங்க?"

"போன வாரம் மாசமா இருக்கேன்னாங்க. நேத்து ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னாங்க. இன்னிக்கு, எம்பொண்டாட்டி என்னை அடிக்கிறாங்கறாங்க. பார்த்துக்கோங்க."

வேலை அக்காவுக்குக் கைவந்துவிட்டது. திரைதான் வரவில்லை. டாக்டர் முகம் இறுகி, "உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்துத் திரை இருண்டுவிடும். அக்கா பதறிக் கையை எடுத்து ஏதாவது பொத்தானைத் தட்டினால் மறுபடி வெளிச்சம் வரும். ஆனால் அதற்குள் இணைப்பு அறுந்திருக்கும். அங்கே கல்லீரலில் கட்டி என்கிற செய்தி பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். பரீட்சார்த்த காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள். மேற்பார்வையாளர் ஓர் அம்மாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் பஞ்சு. அவ்வளவு மெத்தென்ற குரலில் பஞ்சு சொல்லிவிட்டாள், இன்னொரு முறை நோயாளியை நடுவில் விட்டால் வேலை இல்லையென்று.

வேலை இல்லையென்றால் மூன்றாவது மாடி இல்லை. கோடுவின் வீட்டில், உடைந்த திரைகளை அடுக்கி வைத்திருக்கும் பின்னறைதான். அக்காவுக்கும் கோடுவின் மனைவிக்கும் நடுவே நல்ல அன்பு உண்டு. இரண்டு பேருந்து நிறுத்தத் தூரம் அதைப் பத்திரமாகக் காத்து வந்தது.

"ஏங்க, உங்க அக்கா இங்க வந்தா எனக்குச் சந்தோஷந்தான்" என்றாள் மனைவி. "ஆனா எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேணாம். அந்த மெஷினச் சரி பண்ணுங்க."

இந்த இடத்தில் வாசகரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. கோளாறு அக்காவின் இடது மணிக்கட்டில் இருந்தது. மூட்டு வலிக்கு நல்லது என்று எங்கோ விளம்பரம் பார்த்து, காந்தம் பதித்த வளையல் ஒன்றை வாங்கி நாத்தனார் கையில் மாட்டிவிட்டிருந்தாள் கோடுவின் மனைவி. லேப்டாப் மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கீழே, நாம் கையை ஊன்றும் இடத்துக்கு அடியில், அந்தக் காந்தம் நெருங்குவதை உணரும் ஒரு கண் இருக்கும். நெருங்கினால் மூடியாயிற்று என்று நினைத்து மெஷின் தூங்கிவிடும். அக்காவுக்கு ஒரு பழக்கம்: பேச்சு தீவிரமானால் இடது கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்வாள். மெஷின் உடனே படுத்துவிடும்.

இது கோடுவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்தக் கண்ணைக் கழற்றி மாட்டியே வயிறு வளர்த்தவன் அவன். ஆனால் அக்காவின் கை மெஷினுக்குப் பக்கத்தில் வந்தால்தானே தெரியும்? அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

முதல் முறை மூடியை எல்லாக் கோணத்திலும் ஆட்டினான். தனியாக ஒரு மானிட்டரை மாட்டிப் பார்த்தான். படம் பளிங்கு மாதிரி இருந்தது.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. எடுத்துட்டுப் போ."

"எங்கிட்டக் குடுடா, நான் எப்படி உக்காந்து பேசறேன்னு காட்டறேன்."

"போர்டு பாத்தியா?"

"உனக்கு மூக்கு ஒழுகறப்ப தொடச்சுவிட்டவடா நான். எனக்கு போர்டா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா."

இரண்டாவது முறை டிரைவர் என்கிற மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டான். மூன்றாவது முறை, மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு, ஒரு குறையும் இல்லாத கேபிளைக் கழற்றி இன்னொரு கேபிள் மாட்டினான். ஒவ்வொரு முறையும் மெஷின் அவன் மேசைமேல் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்குப் போனதும் செத்தது. கோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"அவளுக்குப் பயம்" என்றான் மனைவியிடம். "கெட்ட சேதி சொல்ல மனசு வரல. தானே எதையோ அமுக்கி அணைச்சிடறா."

"அதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் திருப்பிச் சொல்ல முடியாது."

அடுத்த திங்கட்கிழமை காலை பஞ்சு நேரில் பேச வருவதாகச் சொன்னாள். நேரில் என்றால் திரையில். கூடவே மெஷினைப் பார்த்த டெக்னீஷியனும் இருக்க வேண்டுமாம். கோளாறு என்ன, தீர்ந்ததா என்று அவள் அவரிடமே கேட்பாளாம். கோடு கடையிலிருந்து ஒரு நல்ல மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"இதுல பேசு. உன் சனியனை ஓரமா வை."

அக்கா உட்கார்ந்தாள். ஒத்திகைக்காக எதிரே டாக்டர் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கெட்ட செய்தி வந்தது. இடது கை ஊன்றியது. கடை மெஷின் இருண்டது.

கோடு வீட்டின் மின்சாரத்தைத் திட்டினான். குழல்விளக்கை அணைக்கச் சொன்னான். பக்கத்து வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தின்மேல் சந்தேகப்பட்டு, போய் நிறுத்தச் சொல்லிவிட்டும் வந்தான். பிறகு அக்காவைக் கையை எடுக்கச் சொன்னான். ஒரு பொத்தானைத் தட்டினான், வெளிச்சம். வைக்கச் சொன்னான், இருட்டு.

"உன் உடம்புல கரண்ட் இருக்குக்கா."

"உன் தலையில இருக்கு. நல்லாப் பாரு."

அப்போதுதான் வளையலைப் பார்த்தான். கழற்றி மெஷினின் ஓரத்தில் வைத்தான். தூங்கிற்று. எடுத்தான். அக்காவின் சொந்த மெஷினில் வைத்தான். அதுவும் தூங்கிற்று.

"மூணு தடவ," என்றாள் அக்கா. "நான் பொய் சொல்றேன்னே. என்னை."

"சரி, விடு. கண்டுபிடிச்சிட்டேன்ல?"

"அந்தம்மாகிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லு."

"எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

பஞ்சு சரியான நேரத்துக்கு அக்காவின் சொந்த மெஷின் திரையில் வந்தாள். நரைத்த முடி, பெரிய கண்ணாடி. கோடுவின் மொழி அவளுக்குத் தெரியாது; அவளுடைய மொழி கோடுவுக்குத் தெரியாது. அவள் அக்காவைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். அக்காவின் முகத்திலிருந்து அக்கா இறங்கிப் போனாள். துடைத்த பலகை மாதிரி ஒரு முகம் வந்து உட்கார்ந்தது.

"வணக்கம். நான் இந்தச் சேவையின் மேற்பார்வையாளர்" என்றாள் அக்கா.

"நீயா?" என்றான் கோடு.

அக்கா அதையும் மொழிபெயர்த்தாள். பஞ்சுவின் புருவம் உயர்ந்தது.

"நீங்கள் என்னிடம்தான் பேசுகிறீர்கள். உங்கள் சகோதரி இப்போது மொழிபெயர்ப்பாளர் மட்டும். சொந்தமாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். அவர் வேலையைப் பார்ப்பதற்கும் இது எனக்கு ஒரு வாய்ப்பு. கோளாறு என்ன?"

கோடு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நேற்றே யோசித்து வைத்த வாக்கியங்கள் வரிசையாக நின்றன.

"அது ரொம்ப அபூர்வமான பழுதுங்க. உள்ளுக்குள்ள. லட்சத்துல ஒரு மெஷினுக்குத்தான் வரும். சாதாரண ஆளுங்களால கண்டுபிடிக்கவே முடியாது. நான் பிரிச்சுப் பார்த்து, கேபிளை மாத்தி, சரி பண்ணிட்டேன்."

அக்காவின் கண் ஒருமுறை அவன்பக்கம் திரும்பிற்று. பிறகு அவள் அந்தப் பொய் முழுவதையும், பெருமை உட்பட, ஒன்றும் குறையாமல் மறுபக்கம் கொண்டுபோய் இறக்கினாள். பஞ்சு கேட்டுக்கொண்டாள். மெத்தென்று பதில் சொன்னாள்.

"அப்படியானால் மன்னிக்கவும்" என்றாள் அக்கா, பஞ்சுவின் அதே மெத்தென்ற குரலில். "உள்ளே பழுதான மெஷினை நோயாளிகள் முன்னால் வைக்க எங்கள் விதி இடம் தராது. நாங்கள் சோதித்து அனுப்பும் மெஷின் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இந்த அம்மாளின் பரீட்சார்த்த காலம் முடிந்துவிடும்."

கோடுவின் மனக்கண்ணில், பின்னறையில் உடைந்த திரைகளுக்கு நடுவே அக்காவின் கட்டில் தெரிந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். அந்தப் பலகை முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, இப்ப என்னடா சொல்லட்டும்?" என்று உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தான். அவசரத்தில் அக்காவையே 'டா' போட்டுவிட்டான்.

அக்கா அதை உரக்க, தெளிவாக, மொழிபெயர்த்தாள். பஞ்சு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அக்காவைக் கேட்காதீர்கள்" என்றாள் அக்கா. "உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு நேரமாகிறது."

"சரியான ராட்சசி" என்றான் கோடு. இருவரில் யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. அதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இதற்குமேல் இழக்க ஒன்றுமில்லை. அவன் வளையலை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தான்.

"மெஷின்ல ஒரு பழுதும் இல்லீங்க. எப்பவுமே இல்ல. இதுதான் காரணம், காந்த வளையல். கை பக்கத்துல போனா மெஷின் மூடியாச்சுன்னு தூங்கிடும். மூணு தடவ எங்கிட்ட வந்துச்சு. நான் கண்டுபிடிக்கல. ஏன்னா இவங்கள நான் தொடவே விடல. தொட விட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. நல்ல கேபிளை வீணாக் கழட்டினேன். இவங்க பயந்துக்கிட்டுத் தானே அணைக்கறாங்கன்னு வேற சொன்னேன். இவங்க யாருக்கும் பயப்பட மாட்டாங்க. எனக்குத்தான் தெரியும், சின்ன வயசுலேர்ந்து உதை வாங்கினவன்."

அக்கா மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். அந்த மொழியில் ஒரு சொல் தெரியாவிட்டாலும், அவள் இப்போது தானாக இல்லை, தம்பியாகப் பேசுகிறாள் என்பது கோடுவுக்குப் புரிந்தது. 'நான் கண்டுபிடிக்கவில்லை' என்பதற்கு அந்த மொழியில் எத்தனை சொல்லோ, அவற்றை அவள் ஒவ்வொன்றாக, சுவைத்துச் சொன்ன மாதிரி இருந்தது. கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு கணம் நின்றாள். பிறகு முடித்தாள்.

பஞ்சு ஏதோ கேட்டாள்.

"வளையல் எங்கே வாங்கியது?" என்றாள் அக்கா.

"என் வொய்ஃப் வாங்கிக் குடுத்ததுங்க. அவகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க."

பஞ்சு முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். வளையலைத் தூரமாக வைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். அக்காவை இரண்டு கையையும் மெஷின்மேல் ஊன்றச் சொன்னாள். அக்கா ஊன்றினாள். திரை எரிந்துகொண்டே இருந்தது. பிறகு பஞ்சு நீளமாக ஏதோ பேசிவிட்டுத் தலையசைத்து மறைந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றான் கோடு.

அக்காவின் முகம் இன்னும் பலகையாகவே இருந்தது. "உங்கள் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்தத் தம்பி திட்டியதைக்கூட நீங்கள் விடவில்லை. நாளையிலிருந்து நிரந்தரமாக வாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு நோயாளி காத்திருக்கிறார். அதற்குள் அந்த முட்டாளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

கோடு எழுந்து தன் மெஷினை மூடினான்.

"அந்தக் கடைசி வரி அவங்க சொன்னாங்களா, நீ சொல்றியா?"

"நான் எதையும் சேர்க்க மாட்டேன்" என்றாள் அக்கா. "வேலையோட விதி அது. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. அப்படியே பக்கத்து வீட்டம்மாகிட்ட துவைக்கற மெஷினைப் போட்டுக்கலாம்னு சொல்லிடு, பாவம், துணி பாதியில நனைஞ்சு கெடக்கும்."