கம்பெனி பஸ் வரும்வரை

இறுதியாண்டுக்கு முந்தைய கோடை விடுமுறையில் எங்கள் கல்லூரி ஜெபக்குழுவிலிருந்து ஆறு பேர் ஊழியத்துக்குப் போனோம். ஆம்பூருக்கும் நாட்றம்பள்ளிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதுதான் வேலை. பாட்டுக்கு இருவர், கதைக்கு இருவர், கைவேலைக்கு ஒருத்தி. மைக், ஆம்ப்ளிஃபயர், கால அட்டவணை மூன்றும் எனக்கு. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள் என்பதால் யாரும் கேட்காமலே அப்படி முடிவானது.

நிறைவு விழாவைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வைத்திருந்தோம். எங்கள் கல்லூரிக்குச் சனிக்கிழமை விடுமுறை. அந்த ஊருக்கு இல்லை. அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள். கம்பெனி பஸ் அவர்களைக் கொண்டுவந்து இறக்க ஆறு தாண்டிவிடும். மறுநாளுக்கு மாற்றவும் வழியில்லை. சிறப்பு விருந்தினரான ஆயருக்கு ஞாயிறு முழுக்க வேறு ஊர்களில் ஆராதனை.

இதெல்லாம் தெரிந்ததே முந்தின நாள்தான். தெரியவைத்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. மேடையில் ஒரு சங்கீதத்தை முழுதாக ஒப்பிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம்.

"நாலு மணிக்கா? அப்ப எங்கம்மா இருக்கமாட்டாங்களேக்கா."

"வீடியோ எடுத்துக் காட்டலாம்டா."

"வீடியோலாம் வாணாம். அம்மா வர்லன்னா நான் சொல்லமாட்டேன்."

அழவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நோவாவின் பேழைக்குக் கலர் அடிக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். துணியில் இன்னும் பசை வாசனை.

"நாளைக்கு பர்மிஷன் கேட்டுப் பாக்கலாமேக்கா?"

"சனிக்கெழம டார்கெட் ஜாஸ்திம்மா. சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்தாலே கேக்கத் தோணாது. நீங்க நடத்துங்க." சொல்லிவிட்டாரே தவிர, தெருவரை கூடவே வந்தார். "அவ கடைசிலதான வருவா?"

தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பியதும் அட்டவணையில் சிறுமியைக் கடைசிக்கு மாற்றினேன்.

மறுநாள் ஆயர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அதுதான் கஷ்டம். ஆறு மணிக்குக் கிளம்பவேண்டும் என்றும் சொன்னார். பிள்ளைகள் பயத்தில் எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் முடித்தார்கள். தாவீதும் கோலியாத்தும் நாடகத்தில் கல் பறப்பதற்குள் கோலியாத் விழுந்துவிட்டான். பாட்டுக்குப் பொறுப்பான நண்பன் ஒரே ஆக்‌ஷன் பாட்டைத் திரும்பவும் எடுத்தான்.

"அண்ணா, இத இப்பதான பாடனோம்?"

"அது ஸ்பீடு. இது ஸ்லோ."

ஸ்லோவும் முடிந்தது. சிறுமி மேடையோரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அப்புறம்தான் மைக் பழுதானது. ஒயரைக் கழற்றியவள் நான். ஸ்க்ரூ டிரைவரோடு ஆம்ப்ளிஃபயர் பின்னால் உட்கார்ந்தேன்.

ஆயர் எழுந்துவந்து குனிந்தார். "என்னம்மா படிக்கிற?"

"எலக்ட்ரானிக்ஸ், ஐயா."

"அப்ப லேட்டாகும்."

கழன்று கிடந்த ஒயரைப் பார்த்தார். ரோட்டையே பார்த்து நின்ற சிறுமியைப் பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பி, ஒரு டீ கிடைக்குமா என்றார்.

டீ பாதி தீர்வதற்குள் ஹாரன் கேட்டது. அம்மா டிபன் பையோடு ஓடிவந்தார். அவர் பின்னால் அந்த ஊர்ப் பெண்கள் மட்டுமல்ல, அடுத்தடுத்த ஊர்களில் இறங்கவேண்டியவர்களும் உள்ளே வந்தார்கள். நான் ஒயரை மாட்டினேன்.

சிறுமி தொடங்கினாள். நான்கு வசனம் தடங்கலில்லாமல் போனது. ஐந்தாவதில் நின்றுவிட்டது. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

பின்வரிசையிலிருந்து அம்மா மெல்ல அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார். கூடவே நாலைந்து குரல்களும் அதையே சொல்லின. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கறுப்புப் பர்தா போட்ட ஒரு அக்கா சிரித்தார்.

"இன்னா அப்டி பாக்கறீங்க? பொண்ணு ஒப்பிக்கும்போது தப்பு கண்டுபிடிக்கணும்னு இவ மிஷின்ல உக்காந்து தெனம் இதயே சொல்லிகினு இருக்கா. எங்க லைனுக்கே மனப்பாடம் ஆய்டுச்சி."

கூட்டம் சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லித்தராதீங்க. நான் மொதல்லேர்ந்து சொல்றேன்."

வெளியே டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். "இருப்பா, கொழந்த சொல்லட்டும்," என்று உள்ளிருந்து ஒரு குரல் போனது. ஆறு மணிக்குக் கிளம்பவேண்டிய ஆயர், காலி டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சிறுமி முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தாவது வந்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா டிபன் பையை வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.