பூட்டை மாற்றிய சாவிக்காரர்

எங்கள் தெருவில் சாவிக்காரருக்கு இருந்த நல்ல பேர் சும்மா வந்ததில்லை. யார் வீட்டுச் சாவிக்கு மெழுகில் அச்சு எடுத்தாலும், வேலை முடிந்ததும் அந்த மெழுகை அவர்கள் கண்ணெதிரிலேயே உருட்டிப் பிசைந்துவிடுவார். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓசியில் ஒரு வசவும் உண்டு. "தொலைஞ்சது தொலைஞ்சதுன்னு இருந்துடாதீங்க. எடுத்தவன் கையில அது இன்னும் சாவிதான். பூட்டை மாத்துங்க!" பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் எனக்கு இது மனப்பாடம்.

அந்த மனுஷரின் பாங்க் கணக்கிலேயே மாசாமாசம் பணம் குறைய ஆரம்பித்தது. வீட்டில் அவர் மனைவியின் தம்பி தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒருமுறை அக்காவுக்கு மருந்து வாங்க மாமாவின் கார்டை எடுத்துப்போய், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தான். சந்தேகத்துக்கு இது போதாதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் போய், "மாப்ள, கேட்டா நானே குடுத்திருப்பேனே. கை ஏன் இவ்ளோ நீளுது?" என்று கேட்டுவிட்டார். இதைச் சொல்ல ஒரு நேரம் காலம் வேண்டாமா? "நான் எடுக்கல மாமா" என்று மட்டும் சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினான். பையோடு கிளம்பியும் விட்டான். அக்காக்காரி எவ்வளவு கூப்பிட்டும் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே சாவிக்காரர் வாசல் பூட்டை மாற்றினார். மச்சானிடம் ஒரு சாவி இருந்ததாம். அதன்பிறகு அவர் மனைவி அவரோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த மாதமும் பணம் போனது. "எனக்கு எழுத்து வேலை வராது, நீயும் வாய்யா" என்று என்னையும் பாங்குக்கு இழுத்துப் போனார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சார், நீங்க குறட்டையை நிறுத்துற ஆப் ஏதாவது போட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் காது சிவந்துபோயிற்று.

"வீட்ல தொல்லை தாங்கலன்னு போட்டேம்மா. முதல் வாரம் இலவசம்னான். கார்டு நம்பர் கேட்டான், குடுத்தேன். பிடிக்கல, அன்னிக்கே போன்ல இருந்து அழிச்சுட்டேனே!"

"அது உங்க போன்ல இருந்துதான் சார் போயிருக்கும். கார்டு விவரம் அவங்ககிட்ட அப்படியே இருக்கு. மாசாமாசம் எடுப்போம்னு உங்ககிட்ட கேட்டாங்களா?"

"ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்காம எடுத்தது தப்பு. புகார் எழுதிக் குடுங்க. இந்தக் கார்டை முடக்கிட்டு வேற தர்றோம்."

பூட்டை மாற்றுங்கள் என்பதைத்தான் அவள் தன் பாஷையில் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கிண்டல் பண்ண எனக்கு நாக்கு துறுதுறுத்ததுதான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாரால் முடியும்?

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். "முகம் தெரியாதவன்கிட்ட நானே சாவியைக் குடுத்துட்டு, வீட்டுப் பிள்ளையை வெளிய நிறுத்திட்டேன்யா. வெக்கமா இருக்கு. அவன் அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லையே.

புகாரைப் பார்த்துப் பறிபோன பணம் முழுவதையும் திருப்பிப் போட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்றே புதுப் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி, பளபளவென்று தேய்த்தார். தனியாகப் போகக் கால் வரவில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு, மச்சான் இப்போது மூட்டை இறக்கும் வேலை பார்க்கும் கிடங்குக்குப் போனார்.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். சாவிக்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், குறட்டை உட்பட. "தப்பு என்மேலதான் மாப்ள. மன்னிச்சுக்கோ. வீட்டுக்கு வா" என்று சாவியை நீட்டினார்.

அவன் சாவியைப் பார்த்தான், தொடவில்லை. குரலில் கோபம்கூட இல்லை.

"அக்காவைப் பாக்க வரேன் மாமா, நீங்க வீட்ல இருக்கிறப்ப வரேன். சாவி மட்டும் வேண்டாம். நாளைக்கு வேற ஏதாவது காணாமப் போச்சுன்னா, நீங்க முதல்ல என்னைத்தானே நெனப்பீங்க."