கடையை மூடிய பிறகு

அவர் மகளுக்குக் கடைசியாக முடி வெட்டியது பால்கனியில், பழைய போர்வையை அவள் கழுத்தில் சுற்றிவிட்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே சலூன் வைத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததும் மகள்தான் கடையை மூடவைத்துத் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

"ஆடாத. காது போனா வேற கெடைக்காது," என்றார். பிறகு, "கடைய மூடினவனெல்லாம் சீக்கிரம் போயிடுறான், கவனிச்சியா?"

அவள் உளவியல் ஆய்வாளர். வேலையை விட்ட முதியவர்களைப் பற்றித்தான் ஆய்வு.

"உடம்பு முடியாமப் போனவங்கதான் கடைய மூடுறாங்கப்பா. எது எதுக்குக் காரணம்னு சும்மா கணக்கெடுத்தா தெரியாது."

"பின்ன எப்படித் தெரியும்?"

"பூவா தலையா போடணும். பூ விழுந்தவங்க கடைய மூடணும், தலை விழுந்தவங்க நடத்தணும். அப்புறம் ஒப்பிடணும்."

"அடிப்பாவி! என்னை மட்டும் பூவா தலையா போடாமலே தூக்கிட்டு வந்துட்டியே!" தோள் குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஈமக்காரியமெல்லாம் முடிந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தொழிலை விட்டவங்க சீக்கிரம் போறாங்கன்னு நீதானே எழுதின? தெரிஞ்சே பண்ணிட்டியே."

"ரெண்டும் சேர்ந்து வருதுன்னுதாண்ணா எழுதினேன்."

"சேர்ந்துதான் வந்துச்சு. நீ கூட்டிட்டு வந்த, பின்னாடியே சாவும் வந்துச்சு."

வழுக்கி விழுந்ததே நோயின் தொடக்கமாக இருக்கலாம். கடைதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது என்றும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க, கடையை மூடாத இன்னொரு அப்பா வேண்டும். இருந்தவர் ஒருவர்தான். தான்தான் குற்றவாளி என்று உறுதியானால்கூட அழுது தீர்த்திருப்பாள்.

அப்பாவின் கைபேசி அடித்தது. எடுத்தாள். வயதான பெண் குரல்.

"சலூன்கார அண்ணன் இல்லையாம்மா? எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கைம்மா. வாராவாரம் வந்து ஷேவ் பண்ணிவிடுவார். இதுமாதிரி இன்னும் சில வீட்டுக்கும் போவார். கடையத்தான் மூடினேன், தொழில இல்லன்னு சிரிப்பார்."

காலை நடை என்று சொல்லிவிட்டு அப்பா போனது அங்கேதானா? அப்படியானால் அவர் தொழிலை விட்டவரா, விடாதவரா? அந்த அலைச்சல்தான் கொன்றதா? அண்ணன் சொன்னதும் நிற்கவில்லை, அவள் நினைத்ததும் நிற்கவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"போன வாரமே வரேன்னாரும்மா. தாடி அரிக்குதுன்னு இவர் கொழந்த மாதிரி அழறார். எப்ப வருவார்னு கேட்டுச் சொல்றியா?"